உச்சிப்புளி வானத்தில் பறப்பது எது? ராணுவம் பழைய ஹெலிகாப்டர்களை மாற்றுவது பற்றி நம் கடற்கரையில் கேட்கிற கேள்விகள்

கடற்படையில் பதினைந்து வருடம் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தேன். இப்போது மண்டபம் போகிற சாலையில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போகும்போதெல்லாம் பட்டறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். உடனே கேள்வி வரும். செய்தியில் "ராணுவம் புது போர் ஹெலிகாப்டர் வாங்குகிறது" என்று வந்துவிட்டால் அன்றைக்கு ஸ்பேனரைக் கையில் எடுக்கவே விட மாட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். ராணுவ ரகசியம் எதுவும் இதில் கிடையாது, எல்லாம் அரசே வெளியில் சொன்னதுதான்.

உச்சிப்புளி மேலே அடிக்கடி சுற்றுகிறதே, அதுதான் போர் ஹெலிகாப்டரா?

இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமானத் தளம், ஐஎன்எஸ் பருந்து. 2009 மார்ச்சில் அந்தப் பெயரில் முறையாகத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே சிறிய அளவில் கடற்படை விமானங்கள் அங்கிருந்து பறந்துகொண்டுதான் இருந்தன. கடலைக் கண்காணிப்பதுதான் அங்கே முக்கிய வேலை. 2012 ஏப்ரலில் ஆளில்லா விமானங்களுக்கென்று தனிப் பிரிவே அங்கு வந்தது.

நாம் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய சின்ன ஹெலிகாப்டர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக, வால் மெலிந்து தும்பி மாதிரி இருப்பது, சேத்தக். தேடுவது, தூக்குவது, நோயாளியைக் கொண்டுபோவது, கப்பலுக்குச் சாமான் கொடுப்பது எல்லாம் செய்யும். பீரங்கி வண்டியை அடிக்கப் பிறந்த சாதி அது கிடையாது. ஆனாலும் பழசை மாற்றுகிற கதையில் ரொம்பவும் வயதானது இந்தச் சேத்தக்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்போ போர் ஹெலிகாப்டர் என்று எதைச் சொல்கிறார்கள்?

தாக்குவதற்கென்றே வடிவமைத்ததை. விமானி இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராக உட்காருவார்கள், உடம்பு ஒடுக்கமாக இருக்கும், மூக்குக்குக் கீழே துப்பாக்கி தொங்கும், இரு பக்கமும் குட்டி இறக்கையில் ராக்கெட்டும் ஏவுகணையும் இருக்கும்.

நம் விமானப்படையிடம் 1980களிலிருந்து இருந்தவை சோவியத் தயாரிப்பான எம்ஐ-25, பின்னால் வந்து சேர்ந்த அதன் அடுத்த வகையான எம்ஐ-35. இவை கொஞ்சம் விசித்திரமான பிறவி. ஆயுதமும் சுமக்கும், வயிற்றில் எட்டு சிப்பாய்களையும் ஏற்றும். நம்மூரில் மீன் லோடும் அடித்து ஆளும் ஏற்றுகிற குட்டி யானை வண்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்ஐ-25 பறந்த 125-வது ஹெலிகாப்டர் பிரிவு 2019 செப்டம்பரில் பதான்கோட்டில் அமெரிக்காவின் அப்பாச்சிக்கு மாறியது. 2015-ல் ஒப்பந்தம் போட்ட 22 அப்பாச்சியும் 2020-க்குள் வந்து சேர்ந்தன. ராணுவம் தனக்கென்று 2020 பிப்ரவரியில் 6 கேட்டது. அதில் முதல் மூன்று வந்து இறங்கியது 2025 ஜூலையில். அவற்றுக்காக ஜோத்பூரில் தொடங்கிய பிரிவு ஒரு வருடத்துக்கும் மேலாக ஹெலிகாப்டர் இல்லாமலேயே காத்திருந்தது.

உள்நாட்டில் அரசு விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் செய்த பிரசந்த் என்ற போர் ஹெலிகாப்டர் 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது. 2025 மார்ச்சில் இன்னும் 156 பிரசந்த் வாங்க ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ராணுவத்துக்கு 90, விமானப்படைக்கு 66.

என் விசைப்படகு முப்பது வருசமா ஓடுது. இன்ஜினை மாத்திட்டா புதுசு மாதிரி. ஹெலிகாப்டரை மட்டும் ஏன் தூக்கிப் போடணும்?

பாம்பனில் ஒரு டிரைவர் அண்ணன் கேட்டது இது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

படகுக்கு இன்ஜின் நின்றால் என்ன ஆகும்? நங்கூரத்தைப் போடுவீர்கள், வாக்கி டாக்கியில் பக்கத்துப் படகைக் கூப்பிடுவீர்கள், கயிறு கட்டி இழுத்துவருவார்கள். வானத்தில் நங்கூரம் போட முடியாது. அதனால் ஹெலிகாப்டரில் ஒரு பாகம் உடைந்த பிறகு மாற்றுகிற பேச்சே கிடையாது, உடைவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் இத்தனை மணி நேரப் பறப்பு என்று ஆயுள் எழுதிவைத்திருப்பார்கள். பார்க்கப் புதிது போல இருந்தாலும் அந்த மணிக்கணக்கு முடிந்ததும் கழற்ற வேண்டியதுதான். பறக்காமல் சும்மா நின்றாலும் சில பாகங்களுக்கு வருடக்கணக்கும் உண்டு. ரப்பரும் சீலும் நிற்கிற இடத்திலேயே கெட்டுப்போகும்.

ஹெலிகாப்டரின் பெரிய எதிரி அதிர்வு. விசிறி சுற்றுகிற ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு கொஞ்சம் மேலே வளைந்து கீழே வளைகிறது. ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள், ஒரு கட்டத்தில் பட்டென்று போகும். அதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தேடுவதே எங்கள் வேலையில் பாதி. சாயம் தெளித்துப் பார்ப்போம், காந்தத்தை வைத்துப் பார்ப்போம், எண்ணெயை வடித்து அதில் உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்ப்போம்.

கடற்கரையில் இதோடு உப்பும் சேரும். எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பல ஹெலிகாப்டர்களில் கியர்பாக்ஸ் கூட்டை மக்னீசியக் கலவையில் செய்திருப்பார்கள். மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்து உப்புக்காற்று பட்டால் போதும், வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பொரிந்துவிடும். கடல்மேல் பறந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவாமல் விட மாட்டோம். இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் அடித்துக் கழுவுவது உண்டு. நம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் எடை. படகுக்குப் புது சாதனம் வாங்கினால் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம். ஹெலிகாப்டரில் ஒரு கேமராவும் ஒரு ரேடியோவும் கூட்டினால் அந்த அளவுக்கு எரிபொருளையோ ஆளையோ குறைக்க வேண்டும். 1950களில் வரைந்த வடிவத்தில் இன்றைய கருவிகளை எவ்வளவு திணிக்க முடியும்? இன்ஜினை மாற்றியும் பார்த்திருக்கிறார்கள். சேத்தக்கின் தம்பியான சீட்டாவில் வேறு இன்ஜின் பொருத்திச் சீட்டல் என்று ஒன்று செய்தார்கள், பனிமலையில் நன்றாகவே பறந்தது. ஆனால் இன்ஜின் மட்டும்தான் புதிது, உடம்பு பழையதுதான். உங்கள் படகிலும் அடிக்கட்டை உளுத்துவிட்டால் லேலண்ட் இன்ஜின் வைத்து என்ன பயன்?

சேத்தக் அவ்வளவு பழசா?

பிரான்சில் இதன் மூல வடிவமான அலூவெட்-3 முதலில் பறந்தது 1959-ல். நாம் உரிமம் வாங்கியது 1962-ல், பெங்களூரில் செய்த முதல் சேத்தக் வந்தது 1965-ல். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பரில். அந்தப் புயலுக்கு அடுத்த வருடம் பிறந்த வகை இன்னும் பறக்கிறது என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனி ஹெலிகாப்டர்கள் எல்லாம் அறுபது வயது என்று சொல்ல வரவில்லை, பின்னால் வருடக்கணக்கில் செய்துகொண்டே இருந்தார்கள். வடிவம்தான் பழையது.

எனக்கு அதன்மேல் பாசம் உண்டு, மறைக்கவில்லை. எளிமையான இயந்திரம், எங்கே என்ன இருக்கிறது என்று இருட்டில் கையை விட்டே சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு இருப்பது ஒரே ஒரு இன்ஜின். கரையிலிருந்து இருபது கடல் மைல் தள்ளி அந்த ஒரு இன்ஜின் இருமினால் விமானி என்ன யோசிப்பார் என்று நினைத்துப் பார்த்தால் பாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கத் தோன்றுகிறது. இன்றைக்கு வருகிற ராணுவ வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு இன்ஜின். ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்துக் கரை சேரலாம்.

பழசு என்று தெரிந்தும் ஏன் இத்தனை வருடம் இழுக்கிறார்கள்?

புதிது வந்து சேராததால். இதுதான் நேர்மையான பதில்.

சேத்தக்குக்குப் பதிலாகக் கடற்படைக்கு 111 ஹெலிகாப்டர் வாங்க 2018 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் குழு ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 21,000 கோடி ரூபாய்க்கு மேல். வெளிநாட்டு நிறுவனமும் நம் நாட்டு நிறுவனமும் கூட்டு சேர்ந்து இங்கேயே செய்ய வேண்டும் என்பது திட்டம். ஏழு வருடம் கழிந்தும் அது ஒப்பந்தமாக ஆகவில்லை. இதற்கு நடுவே எச்ஏஎல் தன் துருவ் ஹெலிகாப்டரைக் கடலுக்கு ஏற்ப மாற்றித் தருகிறேன் என்று முன்வந்தது. கப்பலின் சின்ன கொட்டகைக்குள் நிறுத்த வேண்டும் என்றால் பிளேடு மடங்க வேண்டும், அதுதான் பழைய துருவில் இருந்த குறை.

ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் சேத்தக், சீட்டா இரண்டுக்கும் பதிலாக எச்ஏஎல்லின் இலகு ரக ஹெலிகாப்டர் வர வேண்டும். அது முதலில் பறந்தது 2016 செப்டம்பரில். அதைச் செய்வதற்கென்று கர்நாடகாவில் தும்கூரு பக்கம் கட்டிய தொழிற்சாலை 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

ஒரு வகையைக் கழற்றிவிட்டு அடுத்தது வரும்வரை சும்மா இருக்க முடியாது. சியாச்சினில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் இன்றைக்கே ஹெலிகாப்டர் போக வேண்டும். கையில் இருப்பது சீட்டா என்றால் சீட்டாதான் போகும். மாற்றுவதில் ஆபத்தான கட்டம் இந்த இடைவெளிதான் என்பது என் கருத்து. பழசின் ஆயுளை ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீட்டிக்கொண்டே போவார்கள். நீட்டச் சொல்கிற கோப்பு ஓர் அலுவலகத்தில் இருக்கும், உதிரி பாகம் வேறொரு கிடங்கில் இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்து விரிசல் தேடுகிறவன் ஷெட்டில் இருப்பான். நான் மூன்றாவது ஆள். ஒரு ஹெலிகாப்டரைப் பறக்க வைக்கப் பக்கத்தில் நின்ற இன்னொன்றிலிருந்து பாகம் கழற்றிய நாட்கள் உண்டு. நீங்கள் ஓடாத படகிலிருந்து பம்பைக் கழற்றி ஓடுகிற படகில் மாட்டுவதில்லையா, அதேதான். அவசரத்துக்குச் சரி. அதையே வழக்கமாக்கினால் கடைசியில் இரண்டும் நிற்கும்.

வெளிநாட்டில் வாங்கினால் சீக்கிரம் வந்துவிடுமே? பிரசந்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

சீக்கிரம் வரும் என்பதே நிச்சயம் இல்லை, ராணுவத்தின் அப்பாச்சி ஐந்து வருடம் கழித்து வந்த கதையை மேலே பார்த்தோம். வந்த பிறகு இன்னொரு தொல்லை உண்டு. கடற்படையின் சீ கிங் 1971-லிருந்து நம்மிடம் இருந்தது. பிரிட்டனில் செய்தது, ஆனால் உள்ளே அமெரிக்கப் பாகங்கள். 1998-ல் போக்ரானில் அணு சோதனை செய்ததும் அமெரிக்கா தடை போட்டது. சீ கிங்கின் உதிரி பாகங்கள் நின்றுபோயின, பழுதுபார்க்க அனுப்பியவையும் சிக்கிக்கொண்டன. நீர்மூழ்கியைத் தேட வேண்டிய ஹெலிகாப்டர்கள் பாகம் இல்லாமல் தரையில் நின்றன. நம் கையில் சாவி, அடுத்தவன் கையில் இன்ஜின் என்றால் இப்படித்தான்.

இன்னொரு காரணம் கார்கில். 1999 மே 28 அன்று தோலோலிங் பகுதியில் நம் எம்ஐ-17 ஒன்றை ஏவுகணையால் வீழ்த்தினார்கள், உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். எம்ஐ-17 ஆள் ஏற்றுகிற ஹெலிகாப்டர். அதில் ராக்கெட் கட்டித் தாக்க அனுப்ப வேண்டியிருந்தது. தாக்குவதற்கென்றே இருந்த எம்ஐ-25-ம் 35-ம் அந்த உயரத்துக்குப் போக முடியாது. மேலே போகப் போகக் காற்று மெலியும், பிளேடுக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினும் மூச்சு வாங்கும். பன்னிரண்டு டன் அளவுக்குக் கனத்த இயந்திரத்தை மலை உச்சிக்கு எப்படித் தூக்குவது?

அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் பிரசந்த். எடை 5.8 டன், துருவில் இருக்கும் அதே ‘சக்தி’ என்ற பெயருள்ள இன்ஜின் இரண்டு. 2010 மார்ச்சில் முதலில் பறந்தது. சியாச்சினில் 4,700 மீட்டர் உயரத்தில் 500 கிலோ சுமையோடு இறங்கி ஏறிக் காட்டியது. பாதுகாப்புக் கவசத்திலும் ராடாரிலும் அப்பாச்சி அளவுக்கு இல்லை, உண்மைதான். ஆனால் அப்பாச்சி சமவெளியிலும் பாலைவனத்திலும் பீரங்கி வண்டிகளை வேட்டையாடப் பிறந்தது. இரண்டுக்கும் வேலை வேறு.

156 பிரசந்துக்கு 62,700 கோடியா? ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது?

வகுத்தால் ஒன்றுக்குச் சுமார் 402 கோடி. நம் புதிய பாம்பன் பாலத்துக்கு 550 கோடிக்கு மேல் ஆனது. கிட்டத்தட்ட முக்கால் பாம்பன் பாலம் பறக்கிறது என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். கணக்கு சரிதான், ஆனால் அந்தத் தொகையில் பயிற்சியும் அதைச் சேர்ந்த மற்ற ஏற்பாடுகளும் அடக்கம். பணம் ஒரே நாளில் போவதும் இல்லை. ஒப்பந்தம் ஆன மூன்றாவது வருடத்தில் ஹெலிகாப்டர்கள் வரத் தொடங்கி, அடுத்த ஐந்து வருடத்தில் முழுதும் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தப் பணத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அது இன்ஜின் மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியும் இல்லை.

புதுசு வாங்கினால் பாதுகாப்பு என்கிறீர்கள். துருவ் புதுசுதானே, அது ஏன் விழுந்தது?

நியாயமான கேள்வி. புதிய வகைக்கும் அதற்கே உரிய நோய் இருக்கும்.

கடல்மேல் பறந்த துருவ்களுக்கு அடுத்தடுத்து அடி. 2023 மார்ச்சில் கடற்படையின் ஒன்று மும்பைக்கு அருகே கடலில் இறங்கியது, மூவரும் பிழைத்தார்கள். அதே மாதக் கடைசியில் கொச்சியில் கடலோரக் காவல்படையின் ஒன்று விழுந்தது. 2024 செப்டம்பரில் போர்பந்தர் அருகே நோயாளியை மீட்கப் போன ஒன்று கடலில் விழுந்து மூவர் இறந்தார்கள். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தர் விமான நிலையத்திலேயே விழுந்து இன்னும் மூவர். அதன் பிறகு முப்படைகளிலும் கடலோரக் காவல்படையிலும் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட துருவ் மொத்தமும் தரையில் நின்றன. பிரிவுகள் கையில் ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டே பறக்க முடியாமல் இருந்தன.

கடைசி விபத்தில் சந்தேகம் விழுந்தது ஸ்வாஷ்பிளேட் என்ற பாகத்தின்மேல். விசிறிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும். விமானி கையை அசைப்பதை, சுற்றிக்கொண்டிருக்கிற பிளேடுகளுக்கு எடுத்துச் சொல்வது அதுதான். படகில் சுக்கானுக்கும் உங்கள் கைக்கும் நடுவே இருக்கிற இணைப்பு மாதிரி. அது முறிந்தால் விமானி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையில் வெறும் பிடி மட்டும்தான் மிஞ்சும். ராணுவ, விமானப்படை வகைகளுக்கு 2025 மே தொடக்கத்தில் அனுமதி கிடைத்தது. கடற்படை, கடலோரக் காவல்படை வகைகள் அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே பழசைக் கழற்றி எறியத் துடிப்பவர்களிடம் நான் சொல்வது, புதிது ஒரு சில பருவமாவது உழைத்துக் காட்டட்டும். துருவ் நின்ற மாதங்களில் சேத்தக்கும் இல்லாமல் போயிருந்தால் கடலோரத்தில் எதை அனுப்பியிருப்பார்கள்?

இப்போதுதான் எல்லாம் டிரோன் ஆகிவிட்டதே. ஹெலிகாப்டர் எதற்கு?

ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிற மருமகள் ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. உக்ரைனில் ரஷ்யாவின் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் தோளில் வைத்துச் சுடுகிற ஏவுகணைக்கு நிறைய விழுந்தன. ஜப்பான் 2022 டிசம்பரிலேயே தன் தாக்குதல் ஹெலிகாப்டர்களை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு ஆளில்லா விமானங்களுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அமெரிக்க ராணுவம் வருடக்கணக்கில் செலவு செய்து உருவாக்கிவந்த புதிய வேவு ஹெலிகாப்டர் திட்டத்தை 2024 பிப்ரவரியில் கைவிட்டது. அதே 2024-ல் போலந்து என்ன செய்தது? பழைய எம்ஐ-24-களுக்குப் பதிலாக 96 அப்பாச்சி வாங்க ஒப்பந்தம் போட்டது. உக்ரைனுக்குப் பக்கத்து நாடு, போரைக் கண்ணால் பார்க்கிற நாடு.

நம் கரையில் கண்காணிப்பு வேலை ஏற்கெனவே ஆளில்லா விமானத்துக்குப் போய்விட்டது. மணிக்கணக்கில் அலுக்காமல் சுற்றும். இதைவிடப் பெரிய சீ கார்டியன் வகையை 2020 முதல் அரக்கோணம் தளத்தில் குத்தகைக்கு வைத்துப் பார்த்துவிட்டு, 2024 அக்டோபரில் முப்படைகளுக்கும் சேர்த்து அந்தக் குடும்பத்தில் 31 வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். ஆனால் மூழ்கிக்கொண்டிருக்கிற வத்தையிலிருந்து ஒரு ஆளைத் தூக்க இன்றைக்கும் கயிறும் அதில் தொங்கிக்கொண்டு இறங்குகிற இன்னொரு ஆளும் வேண்டும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்ட பயணிகளுக்கு உணவு போட்டது எது என்று அவளிடம் கேட்டேன். "சரி மாமா, அதுக்கு ஹெலிகாப்டர். சண்டைக்கு டிரோன்" என்றாள். அந்தப் பிரிவினை மோசமில்லை.

நீர்மூழ்கியைத் தேடுகிற புது ஹெலிகாப்டர் நம் கடலுக்கு வருமா?

அது எம்எச்-60ஆர். சீ கிங்குக்குப் பதிலாக 24 வாங்கினார்கள், முதல் பிரிவு 2024 மார்ச் 6 அன்று கொச்சியில் தொடங்கியது. ஒலிக்கருவியைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கி, கீழே நீர்மூழ்கி இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் டார்பிடோ போடும்.

பாக் நீரிணைப் பக்கம் நீர்மூழ்கி எங்கே வரும்? அந்தக் கடல் எவ்வளவு ஆழமில்லாதது என்று தொண்டி, தேவிபட்டினம் ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் மண்டபத்தில் கடலோரக் காவல்படை மண்திட்டு மேலேயும் ஏறிப் போகிற ஹோவர்கிராஃப்டை வைத்திருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவில் தீவுகளைத் தாண்டிப் போனால் ஆழம் இருக்கிறது. அந்தப் பக்கம் இதற்கு வேலை உண்டு.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் சில பெரியவர்கள் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் முகம் மாறிவிடுகிறார்களே?

ஆமாம். நம் எம்ஐ-25 முதலில் சண்டையில் இறங்கியது யாழ்ப்பாணத்தில், 1987-ல் அமைதிப்படை போனபோது. 1995-லிருந்து இலங்கை விமானப்படையும் அதே குடும்பத்து எம்ஐ-24 வைத்திருந்தது. அவர்கள் ஹெலிகாப்டர் என்று சொல்ல மாட்டார்கள், "ஹெலி" என்பார்கள். பட்டறைக்கு வருகிற ஓர் அம்மா, சேத்தக்தான் போகிறது என்று தெரிந்தும் அது கண்ணை விட்டு மறைகிறவரை பேச்சை நிறுத்திவிடுவார். நானும் அப்போது எதுவும் விளக்க மாட்டேன்.

கழற்றிய பழைய ஹெலிகாப்டரை என்ன செய்வார்கள்?

சிலவற்றைப் பாகத்துக்காக வைத்துக்கொள்வார்கள், சிலவற்றைக் காட்சிக்கு நிறுத்துவார்கள், மிச்சம் காயலாங்கடைதான். இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதும் உண்டு. 2015 கடைசியிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குச் சில எம்ஐ-25-களை இந்தியா கொடுத்தது. நமக்குப் பழசு, அங்கே அன்றைக்கு அதுதான் பெரிய ஆயுதம்.

கடலில் ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் வரும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. செல்போன் எடுக்காத தூரத்தில் ஆபத்து அறிவிப்புக் கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். அதை வீல்ஹவுஸில் ஆணியில் மாட்டி வைத்துவிட்டுப் பேட்டரி பார்க்காமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்து நின்றால் கீழே அடிக்கிற காற்று புயல் மாதிரி இருக்கும். தார்ப்பாய், காலி கேன், ஐஸ் பெட்டி மூடி, காயப்போட்ட துணி எதையும் கட்டாமல் விடாதீர்கள். பறந்து போய் விசிறியில் பட்டால் வந்தவர்களும் உங்களோடு சேர்ந்து கடலில்தான். கொடிக்கம்பு, ஏரியல் கம்பி எதைச் சாய்க்க முடியுமோ சாய்த்துவிடுங்கள்.

கயிறு இறங்கி வரும்போது அவசரப்பட்டுக் கையால் பிடிக்காதீர்கள். முதலில் அது தண்ணீரையோ படகையோ தொட வேண்டும். பறந்து வந்த ஹெலிகாப்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், முதலில் தொடுகிறவரைத் தூக்கி அடிக்கும். அப்புறம் எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கயிற்றைப் படகில் கட்டக் கூடாது. கயிறு என்றாலே கட்டிப் பழகிய கை நமக்கு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கட்டிவிட்டால் மேலே இருப்பவர் கயிற்றை வெட்டிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. ராத்திரி என்றால் டார்ச்சை விமானி முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள், படகின் தளத்தில் அடியுங்கள்.

எங்கள் பையன் இந்த வேலைக்குப் போகலாமா?

போகலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுக்கச் சொல்லுங்கள். அக்னிவீரர் திட்டத்தில் நான்கு வருடம்தான் என்பதையும், அதன் பிறகு நான்கில் ஒருவரைத்தான் தொடர எடுப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போகச் சொல்லுங்கள். ஐடிஐ படித்துவிட்டு எச்ஏஎல்லில் பயிற்சிக்குப் போவது இன்னொரு வழி. பிரசந்தும் இலகு ரக ஹெலிகாப்டரும் வந்தால் முப்பது வருடத்துக்காவது அவற்றைக் கழற்றி மாட்ட ஆள் வேண்டும்.

கருவாட்டுக் களத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மீன் கழிவைத் திறந்த வெளியில் கொட்டினால் பருந்தும் காக்கையும் கூடும். பறக்கிற ஹெலிகாப்டரில் ஒரு பருந்து மோதினால் கண்ணாடி உடையும், பிளேடு அடிபடும், சின்னதாக இருந்தால் இன்ஜின் வாய்க்குள்ளேயே போகும். பழசு புதுசு என்ற வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது. தளத்துக்குப் பெயரே பருந்து, அதற்குத் தலைவலி கொடுப்பதும் பருந்து. கழிவைக் குழி வெட்டி மூடுங்கள், அல்லது கோழித்தீவனத்துக்கு வாங்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள், கிலோவுக்கு ஏதோ கிடைக்கும்.